உளுந்து வயலில் செடிகளை எண்ணிப் பார்த்தீர்களா?

காவிரி டெல்டாவில் சம்பா, தாளடி அறுவடையை ஒட்டி நெல் தரிசில் உளுந்து விதைக்கும் காலம் இது. மகசூல் குறைந்தால் பூச்சியையும் பனியையும் காரணம் சொல்கிறோம். வயலில் எத்தனை செடிகள் நின்றன என்று பெரும்பாலும் பார்ப்பதில்லை.

வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. என்பது உளுந்துக்கான பரிந்துரை. அதன்படி ஒரு சதுர மீட்டரில் 33 செடிகள், ஏக்கருக்குச் சுமார் 1.3 லட்சம் செடிகள் நிற்க வேண்டும். செடிகள் குறைந்தால் ஒவ்வொன்றும் கூடுதலாகக் கிளைத்துக் காய்க்கும். ஆனாலும் 15 செடிகள் 33 செடிகளின் மகசூலைத் தந்துவிடாது. வெற்றிடத்தைக் களை பிடித்துக்கொள்ளும். அதிகமாக நெருங்கினாலும் நட்டம்தான். நெல் தரிசில் மண்ணில் மிஞ்சிய ஈரம்தான் பயிருக்கு ஆதாரம். அதைப் பல செடிகள் பங்கிட்டால், காய் முற்றும் நேரத்தில் வறட்சி தாக்கும். காற்றோட்டம் குறைந்து சாம்பல் நோயும் எளிதில் பரவும்.

100 உளுந்து விதையின் எடை சுமார் 4.5 கிராம். 8 கிலோவில் ஏறத்தாழ 1.78 லட்சம் விதைகள் இருக்கும். முளைப்புத்திறன் 75 சதவீதம் என்றால் தேவையான செடிகள் கிடைத்துவிடும். நெல் தரிசில் கைவிதைப்பாகத் தூவும்போது சேதாரம் உண்டு என்பதால் ஏக்கருக்கு 10 கிலோ தேவை. அதற்கு மேல் அள்ளித் தூவுவது வீண் செலவு.

விதைக்குமுன் 100 விதைகளை ஈரச் சாக்கில் முடிந்து வைத்து, முளைத்தவற்றை எண்ணுங்கள். 75-க்குக் கீழே போனால் அதற்கேற்ப விதையைக் கூட்டுங்கள். மிகவும் குறைந்தால் விதையை மாற்றுங்கள். மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது சீராகத் தூவுங்கள். அறுவடை இயந்திரம் வரும் நாளை உறுதி செய்துகொண்டு விதையுங்கள். முளைத்த பின் இயந்திரம் இறங்கினால் சக்கரத் தடம் முழுவதும் சொட்டையாகிவிடும். வைக்கோல் குவிந்து கிடந்தாலும் முளை மேலே வராது, கலைத்துப் பரப்புங்கள்.

15-ஆம் நாள், மீட்டருக்கு மீட்டர் குச்சிச் சட்டம் ஒன்றை வயலில் பத்து இடங்களில் வைத்து எண்ணுங்கள். நெருக்கமான இடத்தில் நோஞ்சான் செடிகளைக் களைந்துவிடலாம். சொட்டையில் மறுவிதைப்பு, ஈரம் இருந்தால் மட்டுமே பலன் தரும்.

விரிவாக்கப் பணியாளர்களும் செயல்விளக்கத் திடல்களில் மகசூலோடு செடி எண்ணிக்கையையும் குறித்து வையுங்கள். இரண்டும் சேர்ந்திருந்தால்தான் அடுத்த தைப் பட்டத்தில் எதைத் திருத்துவது என்று விவசாயிக்குச் சொல்ல முடியும்.