குட்டி வாங்குமுன் ஒரு நோட்டுப் போடுங்கள்

நம்ம கோவிலம்பாக்கத்தில் புதிதாக எழும்பும் அடுக்குமாடிகளில் இப்போது மாடிக்கு ஒரு நாய்ச் சத்தம் கேட்கிறது. லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஷிட்சூ எல்லாம் இருக்கிறது. போன மாதம் எங்கள் தெருவுக்கு ஒரு ஹஸ்கியும் வந்து சேர்ந்தது. சைபீரியப் பனியில் வண்டி இழுக்கப் பிறந்த ஜாதி அது, பாவம். மே மாதம் அதற்கு ஏசி போட்டே ஆக வேண்டும். ரெண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற சந்தோஷம் அந்த வீட்டில் அத்தோடு முடிந்தது.

யாரைக் கேட்டாலும் குட்டியின் விலையை உடனே சொல்கிறார்கள். "பதினஞ்சு சொன்னான் டீச்சர், பேசிப் பன்னிரண்டுக்கு முடிச்சேன்" என்று ஒரு பெருமை வேறு. மாதச் செலவு என்னப்பா என்றால், "நாம சாப்பிடறதுல ஒரு பிடி, அவ்வளவுதானே" என்கிறார்கள். முப்பத்திரண்டு வருடம் கணக்குப் பாடம் எடுத்த எனக்கு இந்தப் பதில் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

ஒரு பிடி சோறு என்பது திண்ணை வீட்டுக் காலத்துக் கணக்கு. அன்றைக்கு நாய் தெருவுக்குப் பொது. நாலு வீட்டில் தின்னும், மீதியைத் தானே தேடிக்கொள்ளும். மூன்றாவது மாடியில் கதவைச் சாத்தி வளர்க்கும் முப்பது கிலோ லேப்ரடாருக்கு நாலு வீடு கிடையாது. அதோடு நம் சாம்பார் சோற்றில் வெங்காயம் இருக்கும். வெங்காயம் நாயின் ரத்த அணுக்களைக் கெடுக்கும். அதற்குத் தனியாகத்தான் சமைக்க வேண்டும், இல்லையென்றால் பை தீனி வாங்க வேண்டும்.

என் வீட்டு மணி சாதாரணத் தெருநாய். ஒன்பது வயது. அவனுக்கென்று ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். அரிசி, கோழி, முட்டை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரை, முதுகில் விடும் உண்ணி மருந்து, வருடத் தடுப்பூசி எல்லாம் சேர்த்து மாதம் மூவாயிரத்தை ஒட்டி வருகிறது. போன வருடம் உண்ணிக் காய்ச்சல் வந்தது. ரத்தப் பரிசோதனை, நாலு நாள் டிரிப்ஸ், 28 நாள் டாக்சிசைக்ளின் மாத்திரை, ஆட்டோ என்று ஒரே மாதத்தில் பதினோராயிரம் போனது. ஓய்வூதியத்தில் அதற்காக ஒதுக்கி வைத்திருந்ததால் சமாளித்தேன். ஆட்டோவைத் தனியாக எழுதியது காரணத்தோடுதான். நாயைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏற முடியாது. மெட்ரோ வேலைக்குத் தோண்டிப் போட்டிருக்கும் மேடவாக்கம் ரோட்டில் நாயோடு நிற்பவரைப் பார்த்தால் ஆட்டோக்காரர் சொல்வதுதான் விலை. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கியது. அங்கே குறைந்த செலவில் நல்ல வைத்தியம் கிடைக்கிறது. ஆனால் இங்கிருந்து போய்வர ஆகும் ஆட்டோ காசு வைத்தியச் செலவைத் தாண்டிவிடும்.

லேப்ரடாருக்கு மாதம் ஐயாயிரம் என்று குறைத்தே வைப்போம். வருடத்துக்கு 60,000. பத்துப் பன்னிரண்டு வயது வரை வாழும் ஜாதி. நடுவில் பதினொன்று என்று எடுத்தால் 6,60,000 ரூபாய். பன்னிரண்டாயிரத்துக்கு வாங்கியது இதுதான். இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. செலவு வருடா வருடம் சமமாக வராது. கடைசி மூன்று வருடத்தில் மூட்டு வலி, பல், கட்டி, கண் என்று வரிசை கட்டும். குட்டி வாங்கித் தந்த பெண் அப்போது கல்லூரிக்குப் போயிருப்பாள். அவள் ஃபீஸும் அதே மாதம்தான் வரும்.

மாநகராட்சிப் பகுதியில் இருப்பவர்கள் இன்னொரு வரியும் எழுதிக்கொள்ளுங்கள். சென்னை மாநகராட்சி 2025இல் செல்லப்பிராணி உரிமத்தோடு மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியது. உரிமம் இல்லையென்றால் ₹5,000 அபராதம் என்று அறிவித்தது. நவம்பர் 24 என்றிருந்த கடைசி நாளைத் தள்ளியும் வைத்தார்கள். உரிமக் கட்டணம் வெறும் ₹50. நம்ம ஊர் ஊராட்சிதானே, நமக்கென்ன என்று இங்கே சிலர் சிரித்தார்கள். வெறிநாய்க்கடிக்கு ஊராட்சி எல்லையும் மாநகராட்சி எல்லையும் தெரியாது. ஊசி எங்கும் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 28 வெறிநோய்த் தடுப்பு தினத்தையொட்டி இலவச முகாம்கள் நடக்கும், விசாரியுங்கள்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், ரேடியல் சாலையிலும் நன்மங்கலம் காட்டோரத்திலும் நான் பார்க்கும் சில நாய்களுக்காக. கழுத்தில் பெல்ட் தடம் இருக்கும். தெருநாய்களிடம் சண்டை போடத் தெரியாது. கார் கதவு திறந்தால் ஓடிப்போய் ஏறப் பார்க்கும். வளர்த்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஏழாவது வருடத்துப் பில் வரும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. சட்டமும் இதில் விந்தையாக இருக்கிறது. பசி தாகத்தில் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் வருடத்து வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அந்தச் சட்டம் எழுதிவைத்த அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. உரிமத்துக்கும் ஐம்பது, விட்டுவிட்டுப் போவதற்கும் ஐம்பது. இந்தத் தொகையை மாற்றாமல் மைக்ரோசிப் மட்டும் போட்டு என்ன ஆகும் என்பது என் கேள்வி.

"அப்போ வசதி இல்லாதவன் நாய் வளர்க்கக் கூடாதா டீச்சர்?" என்று என் பழைய மாணவன் ஒருவன் போனில் கோபித்தான். அப்படி யார் சொன்னது? எங்கள் பின்தெருவில் கொத்தனார் வேலை பார்க்கும் ஒரு குடும்பம் மூன்று தெருநாய்களைப் பார்த்துக்கொள்கிறது. முகாமில் ஊசி, அரசு கால்நடை மருந்தகத்தில் வைத்தியம், கறிக்கடையில் தினம் இருபது ரூபாய்க்குக் கழிவுத் துண்டு. கையில் எவ்வளவு என்று தெரிந்து அதற்குள் வளர்க்கிறார்கள். கடன் வாங்கி ஹஸ்கி வளர்ப்பவரைவிட அந்த அம்மாவின் கணக்கு சுத்தம்.

அவனுக்கு நான் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். மகளுக்குக் குட்டி வேண்டும் என்றால் வேண்டாம் என்று சொல்லாதே. இந்த மாதத்திலிருந்து ஐயாயிரம் ரூபாயைத் தனியாக ஒரு தபால் அலுவலகச் சேமிப்புக் கணக்கில் போடு. ஆறு மாதம் போடு. நடுவில் ஒரு மாதம்கூட அதில் கை வைக்கவில்லை என்றால் குட்டி வாங்கு. அந்த முப்பதாயிரத்தை எடுக்காதே, அது முதல் நோய்க்கு. மகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து மாதாமாதம் அவளையே எழுதச் சொல். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் கூட்டல் நன்றாக வரும்.