படங்கள் எங்கே போயின?

2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தின் மலைச்சரிவுகளைச் சிதைத்த நாட்களில், கனடாவில் வாழும் வாசகி ஒருவரின் மின்னஞ்சல் வந்தது. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்த, மீரியபெத்த தோட்டத்து லயன்களை மண்சரிவு புதைத்தபோது நான் எழுதிய கட்டுரையை அவர் மீண்டும் தேடிப் படித்திருக்கிறார். எழுத்து இருக்கிறது, படங்கள் இல்லை. ஒன்பது வெற்றுச் சதுரங்கள்தாம் தெரிகின்றன என்று எழுதியிருந்தார். அனர்த்தத்துக்குச் சில ஆண்டுகள் முன்னர் அத்தோட்டத்துக்குச் சென்றபோது நான் எடுத்த படங்கள் அவை. தம் பாட்டியார் வாழ்ந்த லயன் அவற்றில் ஒன்றிலாவது இருக்கும் என்பது அவரது நம்பிக்கை.

எனது பக்கங்கள் அண்மையில் வேறொரு வழங்கிக்கு மாற்றப்பட்டிருந்தன. மாற்றித் தந்தவர், எல்லாக் கோப்புகளும் வந்து சேர்ந்துவிட்டன என்று உறுதி கூறினார். அவர் பொய் சொல்லவில்லை. கோப்புகளுக்குச் செல்லும் வழிதான் பிழைத்திருந்தது.

தோட்டப்புறம் அறிந்தோருக்கு இதை விளக்குவது எளிது. லயக்காம்பிராவுக்குத் தனி முகவரி இல்லாத தோட்டங்கள் பல. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து எவராவது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். "இங்கிருந்து மேலே ஏறினால் இரண்டாவது லயன்" என்பது அலுவலக வாசலில் நிற்பவனுக்கு மட்டுமே பயன்படும் வழி. வேறிடத்தில் நிற்பவன் அதே சொற்களைப் பின்பற்றினால் வேறு எங்கோ போய்ச் சேருவான்.

என் ஒன்பது படங்களுள் இரண்டின் வழி, தளத்தின் உச்சியிலிருந்து தொடங்குமாறு சாய்கோட்டுடன் எழுதப்பட்டிருந்தது. முன்னர் என் தளம் தன் பெயரின் உச்சியிலேயே இருந்தது. இப்போது நண்பர் ஒருவரின் தளத்தில் ஓர் உட்கோப்புறையாக இருக்கிறது. உலாவியோ நண்பரின் வீட்டு வாசலில் என் படத்தைத் தேடிக்கொண்டிருந்தது. இன்னும் மூன்றில் எழுத்துப் பிழை. என் கமரா கோப்பின் பெயரில் 'ஜேபிஜி' என்பதைப் பெரிய ஆங்கில எழுத்துகளில் இடும். நான் கட்டுரையில் சிறிய எழுத்துகளில் எழுதியிருந்தேன். பழைய விண்டோஸ் வழங்கி இரண்டையும் ஒன்றாகவே கருதியது. புதியது லினக்ஸ், அதற்கு அவை இரு வேறு கோப்புகள்.

இவ்வைந்தையும் ஒரு பிற்பகலில் திருத்திவிட்டோம். தளத்தின் அடிமுகவரியை அமைப்புக் கோப்பில் ஓரிடத்தில் மட்டும் வைத்து, படங்களின் வழிகள் யாவும் அதிலிருந்து பெறப்படுமாறு செய்தாயிற்று. அடுத்த முறை வீடு மாறினால் அந்த ஒரு வரியை மாற்றினால் போதும்.

தொழில்நுட்ப நண்பர்களுடன் எனக்கு இங்கே ஒரு சிறு சச்சரவு உண்டு. ஒவ்வொரு வெளியீட்டின்போதும் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து ஓர் எண்ணெழுத்துக் கோவையைக் கணித்துப் பெயருடன் ஒட்டும் வழக்கம் இன்று பரவலாக உள்ளது. உலாவி தன் நினைவில் வைத்திருக்கும் பழைய பிரதியைக் காட்டாதிருக்க அது உதவுகிறது. பக்கத்தின் அலங்காரக் கோப்புகளுக்கு அது நன்று. செய்திப் படத்துக்கு அது ஆகாது என்பேன். பிறர் தம் கட்டுரைகளில் அப்படத்தின் முகவரியைச் சுட்டியிருப்பார்கள். அளவைச் சற்றே குறைத்து மறுபடி ஏற்றினாலும் பெயர் மாறிவிடும். பழைய சுட்டிகள் யாவும் அறுந்துபோகும். மாற்றியே ஆகவேண்டுமெனில், '301' என்னும் நிரந்தர வழிமாற்றுக் குறியீட்டையாவது பழைய முகவரியில் விட்டுச் செல்லுங்கள். வீடு மாறுகிறவன் தபாற்கந்தோரில் புதிய விலாசத்தைச் சொல்லிவிட்டுப் போவதில்லையா? டிம் பேர்ணர்ஸ்-லீ 1998இலேயே, நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்ற கருத்தை வலியுறுத்தி எழுதிவிட்டார். நமது பத்திரிகைகளின் இணையப் பதிப்புகளோ வடிவமைப்பு மாறுந்தோறும் பழைய படங்களைத் தொலைத்துவிட்டு நிற்கின்றன.

எஞ்சிய நான்கு படங்களின் கதை வேறு. அவற்றின் வழி என் சொந்தக் கணினியின் 'சி' வட்டையே சுட்டியது. கட்டுரையை வெளியிடுமுன் அதே கணினியில் திறந்து பார்த்தேன், படங்கள் தெளிவாகத் தெரிந்தன, திருப்தியுடன் ஏற்றிவிட்டேன். ஆனால் அந்நான்கு கோப்புகளை வழங்கிக்கு ஏற்றவேயில்லை. அப்போதே வாசகர் ஓரிருவர் படம் வரவில்லை என எழுதியபோது, உங்கள் இணைப்பின் வேகக் குறைவாக இருக்கும் என்று பதிலும் அனுப்பியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக் கணினியில் ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் அன்றே விளங்கியிருக்கும். அந்த வட்டு 2017இல் பழுதாகிவிட்டது.

மீட்ட ஐந்து படங்களையும் அந்த வாசகிக்கு அனுப்பினேன். தம் பாட்டியாரின் லயன் அவற்றில் இல்லை என்று பதில் எழுதினார். கட்டுரையில் எஞ்சிய நான்கு சதுரங்களையும் நான் அகற்றவில்லை. அவற்றில் எவையெவை இருந்தன என்பதை நினைவிலிருந்து ஒவ்வொன்றின் கீழும் எழுதி வைத்திருக்கிறேன். மீரியபெத்தவின் பழைய படங்கள் எவரிடமேனும் இருந்தால், மூலக் கோப்பையே அனுப்பி உதவுங்கள். சுட்டியை மட்டும் அனுப்ப வேண்டாம்.