குறட்டை நிம்மதியான உறக்கத்தின் அடையாளமா? கண்டறியப்படாமல் நீடிக்கும் ‘ஸ்லீப் ஆப்னியா’

புதுதில்லி: ஹிந்தித் திரைப்பட இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் மும்பையில் தனது 69-ஆவது வயதில் காலமானார். ‘அப்ஸ்ட்ரக்டிவ் ஸ்லீப் ஆப்னியா’ எனப்படும் உறக்க மூச்சுத்தடையே அவரது மரணத்துக்குக் காரணம் என்று மருத்துவமனை தரப்பில் தெரிவிக்கப்பட்டதால், அந்நோயின் பெயர் நாடு முழுவதும் தலைப்புச் செய்திகளில் இடம்பெற்றது. எனினும், அதன் முக்கிய அறிகுறியான குறட்டை இன்றும் பெரும்பாலான வீடுகளில் கேலிப்பொருளாகவே உள்ளது.

உறக்கத்தின்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதையை அடைப்பதே இந்நோய். ஒவ்வொரு முறையும் குறைந்தது 10 விநாடிகளுக்கு மூச்சு தடைபடுகிறது அல்லது குறைகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சரிகிறது. மூளை விழித்து மூச்சை மீட்கிறது. மணிக்கு 30 முறை அல்லது அதற்கு மேல் இவ்வாறு நிகழ்ந்தால் அது தீவிர பாதிப்பாகும். உயர் ரத்த அழுத்தம், சீரற்ற இதயத் துடிப்பு, பக்கவாதம் ஆகியவற்றுடன் இதற்குத் தொடர்பு உண்டு.

இந்தியாவில் உழைக்கும் வயதினரில் சுமார் 10.4 கோடி பேருக்கு இந்நோய் இருக்கலாம் என்றும், அவர்களில் 4.7 கோடி பேருக்கு மிதமான அல்லது தீவிர பாதிப்பு இருக்கலாம் என்றும் தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில் மதிப்பிட்டனர். ஆண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கும், பெண்களில் 5 சதவீதம் பேருக்கும் பாதிப்பு இருப்பதாக அந்த ஆய்வு கூறியது.

இந்நோயின் சிக்கல், நோயாளி அதை உணர்வதில்லை என்பதே. மூச்சு நின்று மீள்வதைக் காண்பவர் அருகில் உறங்குபவர் மட்டுமே. அவரும் சத்தத்தைக் குறை கூறுகிறாரே தவிர, இடையில் நிலவும் அமைதியைக் கவனிப்பதில்லை. ‘கும்பகர்ணன்’ என்ற கேலியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பெண்களின் நிலை இன்னும் கடினம். சோர்வு, காலைத் தலைவலி, உறக்கமின்மை என வெளிப்படும் அறிகுறிகள் வீட்டு வேலைப்பளு அல்லது ரத்தசோகையின் விளைவாகக் கருதப்படுகின்றன. மாதவிடாய் நின்ற பிறகு பாதிப்புக்கான வாய்ப்பு அதிகரிப்பதும் பரவலாக அறியப்படவில்லை.

பகலில் கண்ணயர்வது சோம்பல் என்றே கருதப்படுகிறது. ஆனால், வாகனம் ஓட்டுவோருக்கு அது உயிராபத்து. ஓட்டுநர் உரிமத்துக்கான உடல்தகுதி உறுதிமொழிப் படிவம் வலிப்பு, திடீர் மயக்கம், மாலைக்கண் ஆகியவை குறித்துக் கேட்கிறது. உறக்க மூச்சுத்தடையைப் பெயர் குறிப்பிட்டுக் கேட்பதில்லை.

சிகிச்சை புதிதல்ல. முகக்கவசம் வழியாகக் காற்றழுத்தம் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் ‘சிபேப்’ கருவி 1981-இலேயே அறிமுகமானது. ஆயினும், முகக்கவசம் அணிந்து உறங்குவதைக் கடும் நோயின் அடையாளமாகக் கருதிக் கூச்சத்தால் கைவிடுவோர் உண்டு. இதனிடையே, உடல் பருமன் உள்ளவர்களின் மிதமான, தீவிர பாதிப்புக்கு ‘டிர்செபடைட்’ ஊசி மருந்தை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 டிசம்பரில் அங்கீகரித்தது. இது ‘பருமனானவர்களின் நோய்’ என்ற எண்ணத்தை வலுப்படுத்தக் கூடும். தாடை அமைப்பு, பெரிதான டான்சில் போன்ற காரணங்களால் ஒல்லியானவர்களுக்கும் குழந்தைகளுக்கும்கூட இந்நோய் வருகிறது.

எனவே, நோயைக் கண்டறிவதற்கான முதல் படி குடும்பத்தினரின் கையில்தான் உள்ளது. உறக்கத்தில் மூச்சு நின்று திணறலுடன் மீள்வதைக் கண்டால் கைப்பேசியில் பதிவு செய்து மருத்துவரிடம் காட்டலாம். உறக்கப் பரிசோதனை தேவையா என்பதை அவர் முடிவு செய்ய அது உதவும்.