காற்றைப் பழிப்பதில் பயனில்லை

"தில்லி எந்த நாட்டோடு கைகுலுக்கினால் நமக்கென்ன? நம் பிழைப்பு தீப்பெட்டியிலும் பட்டாசிலும் இருக்கிறது" என்று விருதுநகர்ச் சீமையில் பேசுவோர் உண்டு. கடற்கரையே இல்லாத மாவட்டம் இது. காற்று, பாய், திசை என்ற பேச்செல்லாம் காயல்பட்டினத்தாருக்கும் கீழக்கரையாருக்கும் உரியவை என்பது அவர்தம் எண்ணம். இவ்வெண்ணத்தை நாம் மறுக்கிறோம்.

பாய்மரப் படகுப் பந்தயத்தை நோக்குங்கள். காற்றை நேருக்கு நேர் எதிர்த்து எந்தப் பாய்மரமும் செல்ல இயலாது. காற்று வரும் திசைக்கு ஏறத்தாழ 45 பாகை விலகி, வலமும் இடமுமாக மாறி மாறித் திரும்பியே இலக்கை அடைய வேண்டும். நீர்ப்பரப்பில் கருமை படர்ந்தால் அங்கே காற்று வலுக்கிறதென்று பொருள். கரையிலுள்ள கொடியும் புகையும், வானத்து மேகமும் செய்தி சொல்லும். அதனை முன்கூட்டியே படிப்பவர் முந்துகிறார். 2023 இல் சீனத்தில் நடந்த ஆசிய விளையாட்டில் வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் வெண்கலம் வென்றதும், சென்னையின் நேத்ரா குமணன் 2021, 2024 ஒலிம்பிக் பந்தயங்களில் கலந்துகொண்டதும் இக்கல்வியின் துணையால்தான்.

இக்கல்வி நமக்குப் புதிதன்று. 'மான்சூன்' என்ற சொல்லே 'மவ்சிம்' என்னும் அரபுச் சொல்லின் வழி வந்தது. சோழகத்தையும் வாடையையும் கணித்துக் கலம் செலுத்தியவர்கள் நம் மரக்காயர்கள். ஆயினும் 16 ஆம் நூற்றாண்டில், தங்கள் அனுமதிச் சீட்டில்லாத கலங்களைப் போர்த்துகீசியர் கைப்பற்றியபோது கடற்காற்றின் அறிவு மட்டும் போதவில்லை. அரசுகளின் போக்கையும் அறிய வேண்டியிருந்தது.

சிவகாசியின் கதையும் அதுவே. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தனர். பின்னர் இரண்டாம் உலகப் போர் அயல்நாட்டுப் பட்டாசின் வரவைத் தடுக்க, உள்ளூர்ப் பட்டாசு தழைத்தது. உழைப்பின் பெருமையை நாம் குறைக்கவில்லை. உலக அரசியற் காற்றும் உடன் நின்றது என்கிறோம்.

இன்று அக்காற்று சீனத்தின் பக்கமிருந்து வீசுகிறது. 1962 இல் போர். 1988 இல் ராஜீவ் காந்தியின் பெய்ஜிங் பயணம். 2020 இல் கல்வானில் குருதி. 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர்களின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. 2024 அக்டோபரில் அவற்றின் உதிரிப் பாகங்களின் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்தது. அதே மாதம் எல்லைச் சுற்றுக்காவல் குறித்து இரு நாடுகளும் உடன்பட்டன. 2025 இல் நேரடி விமானப் போக்குவரத்தும் மீண்டது.

"நேற்றுப் பகை, இன்று நட்பு, இதுவும் ஒரு கொள்கையா?" என்று சினப்பவருக்கு நாம் சொல்வது இது: பாயைத் திருப்புவது குற்றமன்று, இலக்கை மறப்பதே குற்றம். நட்பு மலரட்டும். ஆனால் நாளை வணிகப் பேச்சு நடக்கும் மேசையில், தீப்பெட்டி ஒட்டும் பெண்ணின் கூலி எண்ணப்படுமா? அரசிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

ஆலை உரிமையாளரிடமும் ஒரு கேள்வி உண்டு. தடை என்பது சாதகக் காற்று. அதைத் தம் வலிமையென எண்ணி உறங்கலாமா? தடை நீங்கும் நாளிலும் நிலைக்கக்கூடிய தரமும், விபத்தில்லாத பணியிடமும், தொழிலாளியின் நியாயக் கூலியும் இப்போதே அமைய வேண்டாமா? காற்று திரும்பினால் உரிமையாளர் வேறு தொழில் தேடிக்கொள்வார். அன்றாடக் கூலியை நம்பும் குடும்பம் எங்கே போகும்?

ஆகவே நம் இல்லங்களில் வெளிநாட்டுச் செய்தியை அயலார் செய்தியென ஒதுக்குவதை விடுவோம். இறக்குமதி அறிவிப்பையும் வணிக ஒப்பந்தத்தையும் பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும், பெரியோர் கேட்கட்டும். காற்றை நம்மால் நிறுத்த முடியாது. அது திரும்புமுன் பாயைத் திருப்பக் கற்றுக்கொள்ள முடியும்.