‘டைம் கெடச்சா மியூசியம்’

நேற்று குன்னூரிலிருந்து பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். அரையாண்டு லீவுக்குக் குடும்பத்தோடு சென்னை போகிறானாம். மூன்று நாள் பிளானை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “சரியா இருக்கா சார்?” என்று கேட்டான். முதல் நாள் தி.நகர். இரண்டாம் நாள் தீம் பார்க். மூன்றாம் நாள் ஒரு மால், சாயங்காலம் மெரினா. கடைசி வரி இப்படி: “டைம் கெடச்சா எக்மோர் மியூசியம்.”

அந்த ‘டைம் கெடச்சா’வைப் பார்த்ததும் கோபம் வந்தது. அவன்மேல் இல்லை. அந்தப் பழக்கத்தை அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

இருபது வருஷத்துக்கு மேல் வரலாறு நடத்தினேன். எத்தனையோ முறை பிள்ளைகளைச் சென்னைக்குச் சுற்றுலா கூட்டிப்போயிருக்கிறேன். எல்லா முறையும் மியூசியத்துக்கு ஒதுக்கியது முக்கால் மணி நேரம். ஒருமுறை எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மண்பானை மூடி ஒன்றின்முன் நின்றுவிட்டாள். மூடியின்மேல் எருமை உருவம். “சார், இதுல நீலகிரின்னு போட்டிருக்கு. நம்ம ஊருது ஏன் சார் இங்க இருக்கு?” என்று கேட்டாள். “அப்புறம் சொல்றேம்மா, வண்டி நிக்குது” என்றேன். அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை. வண்டி போனது தீம் பார்க்குக்கு.

அன்று சொல்லாத பதிலை இன்று சொல்கிறேன்.

நம் மலை உச்சிகளில் கல்வட்டங்களும் பழைய ஈமக்குழிகளும் உண்டு. 1868-ல் நீலகிரியின் முதல் கமிஷனராக வந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் அவற்றில் பலவற்றைத் தோண்டினார். ஊட்டியில் பிரீக்ஸ் பள்ளி என்கிறோமே, அந்தப் பெயர் இவருடையதுதான். 1872-ல் இறந்தார். நீலகிரியின் பழங்குடிகளையும் நினைவுச் சின்னங்களையும் பற்றிய அவர் புத்தகம் மறுவருஷம் வெளிவந்தது. தோண்டி எடுத்த அடுக்கடுக்கான மண்பானைகள், விலங்கும் மனிதரும் உட்கார்ந்த மூடிகள், வெண்கலக் கிண்ணங்கள் எல்லாம் மலையிறங்கிப் போயின. பெரும்பகுதி சென்னை மியூசியத்துக்கு, சில லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு. 1863-ல் பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், சென்னையில் இருந்த நீலகிரிப் பொருட்களுக்குப் பட்டியல் தயாரித்தார். அது 1901-ல் அச்சானது.

ஆகவே, எழும்பூர் மியூசியம் மற்றவர்களுக்கு ஒரு சுற்றுலா இடம். நமக்கு அது நம் வீட்டுப் பாத்திரம் இருக்கும் இடம். அதற்கா ‘டைம் கெடச்சா’?

“பிள்ளைங்களுக்குப் போரடிக்கும் சார்” என்பீர்கள். அந்தக் காலத்துச் சென்னைக்காரர்கள் மிருகக்காட்சி சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் மியூசியத்தை ‘செத்த காலேஜ்’ என்றும் சொன்னார்கள். கேலிதான். ஆனால் இரண்டையும் காலேஜ் என்றுதானே சொன்னார்கள்! போரடிப்பது மியூசியத்தால் அல்ல, நாம் கூட்டிப்போகும் விதத்தால். இரண்டு நாள் அலைந்து கால் வலிக்கும்போது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆறு கட்டடம் 46 கூடங்களையும் ஒரே மூச்சில் ஓட வைத்தால் பெரியவர்களுக்கே தூக்கம் வரும்.

“எல்லாம் போன்லயே பார்க்கலாமே” என்பது இன்னொரு சமாதானம். அப்படியானால் மெரினாவையும் போனிலேயே பார்த்துவிடலாமே. திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் நின்று பார்த்தவருக்கும் படத்தில் பார்த்தவருக்கும் உள்ள வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

மாணவனுக்கு நான் திருப்பி அனுப்பிய பிளான் இதுதான்.

போகும் முன் ஒரு நாள் ஊட்டி அரசு அருங்காட்சியகத்தையும், முத்தோரை பாலடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தின் காட்சிக்கூடத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டு. வெள்ளிக்கிழமை எழும்பூர் மியூசியத்துக்கு விடுமுறை. அதனால் வெள்ளி இரவு மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறு. சனி காலை சென்ட்ரலில் இறங்கினால் அடுத்த மெட்ரோ ஸ்டேஷனே எழும்பூர். ரூம் அந்தப் பக்கமே போடு. குளித்துச் சாப்பிட்டு, ஒன்பதரைக்குக் கதவு திறக்கும்போதே உள்ளே போ. முதல் நாள் இரண்டே இடம்: மானிடவியல் பகுதி, வெண்கலச் சிலைகள். எந்தக் கூடமாவது பராமரிப்புக்காக மூடியிருக்கிறதா என்று முன்பே விசாரித்துக்கொள். பிள்ளைகள் கையில் நோட்டும் பென்சிலும் கொடு. பிடித்த ஒரு பொருளை வரையட்டும், போதும். மறுநாள் காலை இன்னொரு மணி நேரம் போய் அமராவதிச் சிற்பங்களைப் பார். தி.நகரும் மெரினாவும் சாயங்காலம் எங்கும் ஓடிப்போகாது. டைம் கெடச்சா தீம் பார்க் போ.

இதைப் படித்துவிட்டு யாராவது கேட்பார்கள்: “தோட்டத்தில் நாள் சம்பளத்துக்கு இலை பறிக்கிற குடும்பம் மூன்று நாள் சென்னையில் ரூம் போட முடியுமா?” நியாயமான கேள்வி. முடியாது. அந்தக் குழந்தை தன் மலையின் பானையைப் பார்க்க 500 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும் என்பதுதான் இதில் பெரிய அநியாயம். கீழடியில் கிடைத்ததைக் கீழடியிலேயே வைத்து 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்தார்கள். மனமாரப் பாராட்டுகிறேன். அதே நியாயம் மலைக்கு ஏன் இல்லை? லண்டனிலிருந்து மீட்பது பெரிய வழக்காக இருக்கலாம். சென்னையும் ஊட்டியும் ஒரே அரசின் கீழ்தானே இருக்கின்றன? பத்துப் பானைகளை, வேண்டாம், ஐந்து மூடிகளை மட்டுமாவது ஆறு மாதத்துக்கு ஊட்டிக்கு அனுப்பிவைக்கக் கூடாதா?

ஆனால் கேட்பதற்கு நமக்கு வாய் வேண்டும். போய்ப் பார்க்காதவன் எதைக் கேட்பான்? அங்கே நம் பானைகள் இருப்பதே நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரியாமல் போனதில் என் பங்கும் உண்டு என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அன்று கேள்வி கேட்ட பெண்ணே, நீ இதைப் படிக்கிறாயா தெரியாது. உனக்கும் இப்போது பிள்ளைகள் இருக்கலாம். அவர்களைக் கூட்டிக்கொண்டு போம்மா. இந்த முறை வண்டி நிற்காது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று பார்.