கர்னல் கலங்கினால்...

லினக்ஸ் உபயோகிப்பவர்கள் இரண்டே ரகம். ‘கர்னல் பானிக்’ பார்த்தவர்கள். இனிமேல் பார்க்கப் போகிறவர்கள்.

கர்னல் என்றதும் மீசையும் மெடலும் ஞாபகத்துக்கு வர வேண்டாம். இவர் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையம். யாருக்கு எவ்வளவு மெமரி, டிஸ்க்கை யார் தொடலாம், பிராசஸரில் இப்போது யார் முறை, எல்லாம் இவர் உத்தரவு. 1991-ல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் எழுத ஆரம்பித்தது இந்தக் கர்னலைத்தான். ப்ரோக்ராம் முழுக்கத் திறந்தே கிடப்பதால் யாரும் பிரித்து, வேண்டியதைச் சேர்த்து, வேண்டாததைக் கழித்து, தனக்கென்று ஒன்று தைத்துக்கொள்ளலாம். ரெடிமேட் சட்டை வேண்டாம் என்று டெய்லரிடம் அளவு கொடுப்பது மாதிரி. வம்பு ஆரம்பிப்பதும் அங்கேதான்.

* * *

எதற்காகத் தைக்கிறார்கள்? அடிக்கடி கிடைக்கும் பதில், விர்ச்சுவலைசேஷன்.

பெயர்தான் பெரிசு. விஷயம் நம் திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனம். ஒரு நிஜ கம்ப்யூட்டருக்குள் எட்டு பொய்க் கம்ப்யூட்டர்கள். ஒரே வித்தியாசம், இங்கே ஒவ்வொரு குடித்தனக்காரரும் முழு வீடும் தன்னுடையது என்றே நம்பிக்கொண்டிருப்பார். அதனால் குழாயடிச் சண்டை கிடையாது.

ஐடியா பழசு. ஐ.பி.எம். 1967-லேயே அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் சி.பி-40 என்ற சிஸ்டத்தில் இதை ஓட்டியது. 2003-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து ‘ஸென்’ வந்தது. அந்த நாளில் ஸென் வேண்டுமென்றால் லினக்ஸ் கர்னலில் ஒட்டுப் போட்டுத் தனியாகத் தயாரிக்க வேண்டும். பிறகு இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் சிப்பிலேயே வசதி செய்துகொடுக்க, 2007 பிப்ரவரியில் வந்த 2.6.20 கர்னலில் கே.வி.எம். நிரந்தரமாகக் குடியேறியது.

ஆகவே முதல் யோசனை: தனிக் கர்னல் தேவையா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். முக்கால்வாசி ஆபீஸ்களுக்கு டப்பாவில் வரும் கர்னலே போதும். ஒரு கிராபிக்ஸ் கார்டை ஒரே குடித்தனக்காரருக்கு முழுசாக எழுதிக்கொடுக்க வேண்டும் என்பது போன்ற விசேஷ ஆசைகளுக்குத்தான் சில மதர்போர்டுகளில் ஒட்டுப் போட்ட கர்னல் தேவைப்படும்.

‘இல்லை, தைத்தே தீருவேன்’ என்பவர்கள் மேலே படிக்கலாம்.

* * *

ஸ்விட்சைப் போட்டதும் நடப்பது ஒரு ரிலே ரேஸ். முதலில் மதர்போர்டில் இருக்கும் பயாஸ் அல்லது யு.ஈ.எஃப்.ஐ. அது ‘க்ரப்’ என்கிற ஏற்றிவிடும் ஆசாமியைக் கூப்பிடும். க்ரப், கர்னலைத் தூக்கி மெமரியில் வைத்துவிட்டு ஒதுங்கிவிடும். கண் விழித்த கர்னல், டிஸ்க்கைத் தேடிப் பிடித்து மற்ற ப்ரோக்ராம்களை எழுப்ப வேண்டும்.

டிஸ்க்கைப் படிக்க ஒரு டிரைவர் வேண்டும். டிரைவர் எங்கே? டிஸ்க்கில்! பீரோ சாவியை பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டின கதை.

இதற்காகத்தான் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று ஒரு சின்ன மூட்டை. அவசர டிரைவர்களை அதில் கட்டி, கர்னலோடு சேர்த்தே க்ரப் ஏற்றிவிடும். டூப்ளிகேட் சாவி. ரெடிமேட் கர்னல் போட்டால் மூட்டையும் தானே தயாராகிவிடும். கையால் தைத்த கர்னலுக்கு நாம்தான் கட்ட வேண்டும், அல்லது டிரைவரைக் கர்னலுக்குள்ளேயே வைத்துத் தைக்க வேண்டும். இரண்டில் ஒன்றும் செய்யாவிட்டால் திரையில் வரும் வாசகம்: ‘வி.எஃப்.எஸ்: அனேபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்நோன்-ப்ளாக் (0,0)’.

பார்க்கத்தான் பயங்கரம். சொல்வது சாதாரணம்: ‘நான் எழுந்துவிட்டேன், டிஸ்க்கைக் காணோம்.’ அடைப்புக்குள் 0,0 என்றால் டிஸ்க்கே கண்ணில் படவில்லை. 8,1 மாதிரி ஏதாவது இருந்தால் டிஸ்க் அகப்பட்டுவிட்டது. அதிலுள்ள ஃபைல் சிஸ்டத்தைப் படிக்கத்தான் பெரும்பாலும் தெரியவில்லை.

இன்னும் சில சமாசாரங்கள்:

‘பேட் ஷிம் சிக்னேச்சர்’ என்று வந்தால் செக்யூர் பூட் என்கிற வாட்ச்மேன் தடுத்திருக்கிறார். நீங்கள் தைத்த கர்னலிடம் ஐ.டி. கார்டு இல்லை. நீங்களே கையெழுத்திட்டு அந்தக் கையெழுத்தைப் பதிவு செய்யலாம். அல்லது யு.ஈ.எஃப்.ஐ.யில் போய் வாட்ச்மேனுக்கு லீவு கொடுக்கலாம்.

‘யு.யு.ஐ.டி. டஸ் நாட் எக்ஸிஸ்ட்’ என்றால் மூட்டை வந்துவிட்டது, விலாசம் பொருந்தவில்லை. ஒன்று விலாசமே தப்பு, அல்லது மூட்டையில் அந்த டிஸ்க்குக்கான டிரைவர் இல்லை. நிஜ மெஷினிலிருந்து விர்ச்சுவலுக்குக் குடிபெயர்த்தாலும் இப்படி ஆகும். அங்கே ‘எஸ்.டி.ஏ’வாக இருந்த டிஸ்க், இங்கே விர்ட்டியோ டிரைவரில் ‘வி.டி.ஏ’ ஆகிவிடும். டிஸ்க்குக்கு யு.யு.ஐ.டி. விலாசம் எழுதுவது இதனால்தான் உத்தமம்.

பூட் பார்ட்டிஷன் நிரம்பியிருந்தால் மூட்டை பாதியில் அறுந்திருக்கும். புதுக் கர்னல் போடும்முன் அங்கே இடம் இருக்கிறதா என்று பார்க்கப் பத்து வினாடி போதும்.

எல்லாம் சரியாக எழுந்து, ‘கே.வி.எம். டிஸேபிள்டு பை பயாஸ்’ என்று வந்தால் கர்னல் மேல் குற்றமில்லை. பயாஸில் விர்ச்சுவலைசேஷன் ஸ்விட்ச் அணைந்திருக்கிறது.

* * *

இனி முக்கியமான விஷயம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். சர்வர் எழவில்லை. உள்ளே மூன்று வருஷக் கணக்கு, சம்பளப் பட்டியல், ஜி.எஸ்.டி. வகையறா. மேனேஜர் எட்டிப் பார்க்கிறார்.

“என்னப்பா ஆச்சு?”

“கர்னல் பானிக் சார்.”

“ஐயையோ... டேட்டா?”

“தெரியலை சார். மறுபடி ஃபார்மட் பண்ணி இன்ஸ்டால் பண்ணிடறேன் சார்.”

அங்கே நிறுத்துங்கள்! மேலே சொன்ன அத்தனை கோளாறிலும் டேட்டா போட்டது போட்டபடி டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது. வாசலில்தான் தகராறு, வீட்டுக்குள் இல்லை. கர்னல் பானிக்கினால் போகாத கணக்கு, அதைப் பார்த்த மனிதர் பானிக் ஆகி ஃபார்மட் பட்டனை அமுக்குவதால் போகும். சாவி தொலைந்தால் பீரோவைக் கொளுத்துவார்களா?

செய்ய வேண்டியது இதுதான். மெஷினை அணைத்துப் போடுங்கள். க்ரப் மெனு வரும் நேரத்தில் நில்லுங்கள். உபுண்டுவில் மெனு மறைந்திருந்தால் ஷிஃப்ட் அல்லது எஸ்கேப். ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே பழைய கர்னல் இருக்கும். அதை எழுப்புங்கள். ஐந்து நிமிஷத்தில் ஆபீஸ் நடக்கும். அப்புறம் சாவகாசமாக மூட்டை கட்டலாம். டெபியன், உபுண்டுவில் ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்’, ரெட் ஹேட் குடும்பத்தில் ‘ட்ராகட்’. புதுக் கர்னலின் நம்பரைச் சொல்லிக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கர்னலுக்கே மூட்டை கட்டிவிடக்கூடும்.

திரையில் ஒன்றுமே தெரியாவிட்டால் க்ரப்பில் ‘ஈ’ அமுக்கி, கர்னல் வரியிலுள்ள ‘க்வைட்’, ‘ஸ்ப்ளாஷ்’ இரண்டையும் எடுங்கள். அந்த ஒரு தடவைக்கு மட்டும் கர்னல் வாய் திறந்து பேசும். மொபைலில் படம் எடுத்து, முதலில் வந்த குற்றச்சாட்டிலிருந்து படியுங்கள். கடைசியில் வருவது வெறும் ஒப்பாரி.

சர்வர் வேறு ஊரில் இருந்தால் ஒரு தந்திரம். டீஃபால்ட்டைப் பழைய கர்னலிலேயே வைத்துவிட்டு, ‘க்ரப்-ரீபூட்’ மூலம் புதுசுக்கு ஒரே ஒரு சான்ஸ் கொடுங்கள். அதற்கு க்ரப் செட்டிங்கில் டீஃபால்ட் ‘சேவ்டு’ என்று இருக்க வேண்டும். புதுக் கர்னலின் வரியில் ‘பானிக்=10’ என்றும் சேருங்கள். கலங்கினால் பத்து வினாடியில் தானே ரீபூட் ஆகி, பழையவர் டியூட்டிக்கு வந்துவிடுவார். ராத்திரி பஸ் பிடிக்க வேண்டாம்.

இதெல்லாம் பழைய கர்னல் இருந்தால்தான். ‘இடத்தை அடைக்கிறதே’ என்று அதைத் துடைத்துவிட்டவர்கள் யு.எஸ்.பி.யில் ஒரு லைவ் லினக்ஸைத் தேடி ஓட வேண்டியதுதான். புது மாப்பிள்ளை வந்த அன்றைக்கே பழைய சமையல்காரரை அனுப்பிவிடக் கூடாது.

* * *

மல்டிக்ஸ் சிஸ்டம் எழுதிய டாம் வான் வ்ளெக், யுனிக்ஸைப் படைத்தவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சியிடம், தான் எழுதுவதில் பாதி தப்பு நேர்ந்தால் சமாளிக்கும் வேலைதான் என்று ஒரு தடவை அங்கலாய்த்தாராம். ரிச்சியின் பதில்: அதையெல்லாம் நாங்கள் விட்டுவிட்டோம். ‘பானிக்’ என்று ஒன்று வைத்திருக்கிறோம். தப்பு வந்தால் மெஷின் நின்றுவிடும். ரீபூட் பண்ணச் சொல்லி வராந்தாவில் கத்துவோம்.

தெரியாமல் எதையாவது எழுதி டிஸ்க்கைக் கெடுப்பதைவிட, கையைக் கட்டிக்கொண்டு நிற்பது மேல். கர்னல் பானிக் ஆகும்போது செய்வது அதுதான். அந்த நேரத்தில் நாமும் செய்ய வேண்டியது அதுதான்.

பி.கு: கட்டளைகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன். கம்ப்யூட்டரில் இங்கிலீஷில்தான் அடிக்க வேண்டும். அந்த விஷயத்தில் கர்னல் ரொம்பக் கறார்.