முற்றத்தில் நிற்கும் கடன்

கடன் பட்டவர் அதனைத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். இதனை மறுப்பார் எவருமிலர்; நாமும் மறுக்கவில்லை. ஆனால், கொடுத்ததைக் கேட்பதற்கும் ஒரு முறையுண்டு; நாட்டில் அதற்கெனச் சட்டமும் உண்டு. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் அம்முறையும் அச்சட்டமும் நெடுங்காலமாகக் காற்றிலே விடப்பட்டுள்ளன. நமது மேடைகளில் நிலம் பேசப்படுகிறது, மொழி பேசப்படுகிறது, அவை பேசப்படவேண்டியவையே. அந்நிலத்தில் வாழும் பெண்ணொருத்தி கிழமை தோறும் ஒரு மோட்டார்ச் சைக்கிளின் ஓசைக்கு அஞ்சிக் கதவைச் சாத்திக்கொள்வதைப் பேசுவோர் மிகச் சிலரே.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை கரையோரத்தைத் துடைத்துச் சென்றது. 2007ஆம் ஆண்டிலே கிழக்கில் போர் ஓய்ந்தது. கணவனை இழந்தோரும், கணவன் காணாமற் போனோரும், வள்ளமும் வலையும் மாடும் இழந்தோரும் கையில் முதலின்றி நின்ற அந்த வேளையிலேதான் நுண்கடன் கம்பனிகள் இப்பகுதிக்குள் புகுந்தன. வங்கி கேட்கும் காணி உறுதியையோ அரச ஊழியர் இருவரின் பிணையையோ அவை கேட்கவில்லை. சில பெண்கள் குழுவாகக் கூடி ஒருவருக்கொருவர் பிணை நின்றாற் போதுமென்றன. 2014ஆம் ஆண்டிலே மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபோது படுவான்கரை மக்கள் மகிழ்ந்தனர். நோயாளியையும் நெல்லையும் விரைவாகக் கொண்டு செல்ல வழி பிறந்தது. கடன் அறவிட வருவோருக்கும் அதே பாலம் வழியாயிற்று.

இம்மண்ணுக்குக் கடன் புதிதன்று. போடியாரிடம் விதைநெல்லும் செலவுப் பணமும் வாங்கி, வெள்ளாண்மை செய்து, களத்திலே அளந்து கொடுத்த முல்லைக்காரர் பரம்பரை இங்குண்டு. அக்காலத்தைப் பொற்காலமென்று நாம் புகழப்போவதில்லை. அளந்து முடிந்தபின் முல்லைக்காரரிடம் எஞ்சியது பல போகங்களில் வைக்கோலும் அடுத்த ஆண்டுக்கான கடனுமே. ஆயினும், அக்கடன் நெல் விளையும் வரை காத்திருந்தது. கொடுத்தவரும் அதே ஊரில் வாழ்ந்து, அதே கோயிற் சடங்கில் மக்களின் முகம் பார்த்தாக வேண்டியவர். ஐப்பசியில் பெரும்போகத்துக்கு விதைப்பவர் மாசி, பங்குனியில் அல்லவா அறுப்பார்? கிழமைக் கடனோ அடுத்த கிழமையே முதற்றவணையைக் கேட்கிறது. நெல் கதிர் விடுமுன் பத்துத் தவணைகள் கழிந்துவிடும். அந்தப் பணம் எங்கிருந்து வரும்? காது நகை அடைவுக்குப் போகிறது. அதுவும் தீர்ந்தால் இன்னொரு கம்பனியின் கடன் வருகிறது. ஒரு கடனை அடைக்க மறு கடன் வாங்குவதை ஊதாரித்தனம் என்று கூறும் கனவான்கள் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பாராக.

இன்னொரு கணக்கும் உண்டு. 50,000 ரூபா கடனுக்கு ஆண்டு வட்டி 24 வீதம் என்று கூறி, 12,000 ரூபாவைச் சேர்த்து, 62,000 ரூபாவை 52 கிழமைகளாகப் பிரிப்பதாக வைத்துக்கொள்வோம். கிழமைக்கு ஏறத்தாழ 1,192 ரூபா; கேட்பதற்கு இலேசு. ஆனால், முதல் கிழமைக்குக் கிழமை குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் முழு 50,000 ரூபாவுக்கும் முழு ஆண்டுக்கும் எடுக்கப்படுகிறது. உள்ள நிலுவைக்கு மாத்திரம் வட்டி பார்த்தால் அது 24 வீதத்தில் நில்லாது. 44 வீதத்தை அண்மிக்கும். 2018ஆம் ஆண்டு செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, சில கடன்களின் வட்டி 220 வீதம் வரை சென்றதை எடுத்துரைத்தார். அறவிடுவோர் பெண்களிடம் பாலியல் இலஞ்சம் கேட்டமையும் அவரது அறிக்கையில் இடம்பெற்றது. கடன் தொல்லை தாளாது உயிரை மாய்த்துக்கொண்ட பெண்களைப் பற்றிய செய்திகளை நம் மாவட்டம் அதற்கு முன்னரே அறியும்.

அவ்வாண்டில் அரசாங்கம் ஒரு நிவாரணம் அறிவித்தது. வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத கடனைப் பெற்று மூன்று மாதங்களுக்கு மேல் தவணை தவறிய பெண்களுக்குத் தள்ளுபடி என்றது. மட்டக்களப்பும் அவற்றுள் ஒன்று. அண்டாவை விற்றும் நகையை விற்றும் தவணை தவறாது கட்டிய பெண்ணுக்கு அதில் யாது கிடைத்தது? எதுவுமில்லை. ஆண்டின் முடிவில் மத்திய வங்கி தன் கண்காணிப்பிலுள்ள கம்பனிகளுக்கு 35 வீத வட்டியுச்சம் விதித்தது. நல்லது, ஆனால் அக்கண்காணிப்புக்கு வெளியே நின்று கடன் கொடுத்தோர் தொகை என்ன? 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டமே மக்களிடம் வைப்புப் பணம் ஏற்கும் கம்பனிகளைத்தான் குறியாகக் கொண்டது. கடன் மட்டும் கொடுத்தவர் அதன் வேலிக்கப்பால் நின்று சிரித்தார்.

இனி, முற்றத்தில் நிற்பவர் யாரென்று பார்ப்போம். அவரும் பெரும்பாலும் ஓர் ஏழை வீட்டு இளைஞரே. மாலைக்குள் இத்தனை ஆயிரம் அறவிட்டாக வேண்டுமென்று அவருக்கு மேலுள்ளவர் கட்டளையிட்டிருப்பார். ஆகவே, ஆடவரில்லாத நேரம் பார்த்து வருகிறார்; பணம் தரும்வரை போகேன் என்று கதிரை கேட்டு அமர்கிறார்; குழுவிலுள்ள அயலவரை அழைத்து வருகிறார். நேற்று வரை கறி பரிமாறிய அயற்பெண் இன்று அவர் பக்கம் நின்று ஏசுகிறாள். தவணை தவறினால் அவள் தலையிலும் விழும் அல்லவா? மட்டக்களப்பு வழக்கிலே வீடும் வளவும் மகளுக்கே சீதனமாகச் செல்வன. தனக்கே உரிய வளவில், தன் பிள்ளைகள் பார்க்க, ஒரு பெண் தலைகுனிந்து நிற்கிறாள். மானமே இங்கு பிணையாக வாங்கப்பட்டிருக்கிறது.

சட்டம் கூறுவதை நம் மக்கள் அறிதல் வேண்டும். கடன் தவணை தவறுதல் பொலிஸ் கைதுக்குரிய குற்றமன்று. (கணக்கில் பணமில்லையென அறிந்தே காசோலை எழுதிக் கொடுத்தவரின் கதை வேறு, ஆதலால் வெற்றுக் காசோலையில் ஒருபோதும் ஒப்பமிடற்க.) ஈடு வைக்காத கடனுக்காக வீட்டிலிருந்து ஒரு பானையையேனும் எடுத்துச் செல்ல அறவிடுபவருக்கு உரிமையில்லை. வழக்குத் தொடுத்து, தீர்ப்புப் பெற்று, நீதிமன்ற அலுவலர் வழியாகவே அது நடைபெறல் வேண்டும். அப்போதுங்கூட, உடுக்கும் உடை, படுக்கை, தொழிற்கருவி, விவசாயியின் உழவுக்கருவி, பிழைப்புக்கு வேண்டுமென நீதிமன்றம் கருதும் மாடு, விதைநெல் ஆகியவற்றைக் கைப்பற்றலாகாது என்று குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 218ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. போகச் சொன்ன பின்னும் வளவை விட்டுப் போகாது அச்சுறுத்துபவரே குற்றவியற் சட்டத்துக்கு அஞ்சவேண்டியவர். வட்டி மிகையாயும் உடன்படிக்கை கொடியதாயும் இருப்பின், அக்கணக்கை நீதிமன்றம் மீளத் திறந்து பார்க்கலாம் என்று 1918ஆம் ஆண்டின் கடன் வழங்கல் கட்டளைச் சட்டமே கூறியிருக்கிறது. ஒரு நூற்றாண்டாகப் புத்தகத்தில் கிடக்கும் அச்சட்டத்தை வாகரைக்கும் வெல்லாவெளிக்கும் எடுத்துச் செல்ல நமது சட்டத்தரணிகளுக்கு மாதத்தில் ஒரு நாள் கிடையாதா?

அறவிடுவோரின் மற்றோர் ஆயுதம் ‘கிறிப்’. “கிறிப்பில் போட்டுவிடுவோம், இனி எந்த வங்கியும் உன்னைப் பாராது” என்பது அவர்களின் மந்திரம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த கொடுகடன் தகவல் பணியகமே இது. அங்கு கரும்பட்டியல் ஒன்றில்லை. யார் எங்கே எவ்வளவு கடன் பெற்றார், எவ்வாறு செலுத்தினார் என்ற பதிவே உண்டு. அதில் உறுப்புரிமையற்ற சிறு கடன்காரர் அங்கே எதையும் பதிய முடியாது. அவர்களின் மிரட்டல் வெறும் சத்தமே. ஆயினும், அங்கத்துவ நிறுவனத்தின் பதிவு மெய்யாகவே வங்கிக் கதவைச் சாத்த வல்லது. 2021ஆம் ஆண்டில் இரசாயன உரத்தைத் தடை செய்து விளைச்சலைக் கெடுத்தது அரசாங்கம். 2022 ஏப்பிரிலில் வட்டி வீதத்தை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது மத்திய வங்கி. 2024 நவம்பரில் வயலை மூடியது வெள்ளம். பதிவேடோ இவற்றுள் எதையும் எழுதாது. விவசாயி தவறினார் என்று மட்டும் எழுதும். அவருக்குப் பிணை நின்ற ஆசிரியரும் எழுதுவினைஞரும் தமக்கு வீட்டுக்கடன் கேட்டுச் சென்ற நாளிலேதான் தம் பெயரும் அங்கிருப்பதை அறிகின்றனர். உத்தியோகத்தருக்கும் உழவருக்கும் இது ஒரே ஏடு.

பெயரைச் சீர்செய்தல் முடியாத காரியமன்று. தன்னைப் பற்றிய அறிக்கையை எவரும் பணியகத்திடம் கேட்டுப் பெறலாம். முதலில் அதைப் பெறுக. அதில் பிழையிருப்பின், கடன் தந்த நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுக. பதிவைத் திருத்தி அனுப்பவேண்டியவர் அந்நிறுவனத்தாரே. கட்ட முடியாதாயின் ஒளிந்து திரியாமல், அறுவடையை ஒட்டித் தவணையை மாற்றித் தருமாறு கேட்டு எழுதி, பிரதியை வைத்துக்கொள்க. கட்டும் ஒவ்வொரு சதத்துக்கும் பற்றுச்சீட்டு வாங்குக. கணக்கு முடிந்த அன்றே முடிவுக் கடிதம் கேட்டுப் பெறுக. அது கையிலில்லாத காரணத்தால், அடைத்த கடன் அடைக்காததாக நிற்பதுமுண்டு. மத்திய வங்கியின் கண்காணிப்பிலுள்ள நிறுவனம் செவிசாயாவிடின், அவ்வங்கியின் 1935 என்னும் தொலைபேசி இலக்கம் இருக்கிறது. பெயரைச் சுத்தம் செய்து தருகிறோம் என்று கட்டணம் கேட்போரை வாசலிலேயே திருப்பி அனுப்புக.

ஆயினும், எழுத்தறிந்த நாம் சொல்வது இலேசு; கடிதம் எழுத ஆளில்லாத வீட்டில் யார் எழுதுவார்? சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் நம் ஊர்களில் பெயரளவிலேனும் உள்ளன. ஓய்வுபெற்ற வங்கியாளரும் அதிபரும் அங்கே மாலையில் அமர்ந்து கணக்குப் பார்த்துக் கொடுக்கலாம். அறுவடையில் செலுத்தும் சிறு கடனை அச்சங்கங்களே வழங்கத் தொடங்கினால் மோட்டார்ச் சைக்கிள்காரருக்கு வேலை குறையும்.

நமது பாராளுமன்ற உறுப்பினரிடம் நாம் கேட்பது பெரிதன்று. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவிலே இதனை எழுப்புக. மாவட்டத்தின் 14 பிரதேச செயலகங்களிலும், அனுமதி பெற்றுக் கடன் கொடுப்போர் யாரெனத் தமிழில் எழுதி ஒட்டச் செய்க. அறவிடல் பகற்பொழுதில் பொது இடத்திலே நடைபெறச் செய்க. வேளாண்மைக் கடனின் தவணை களத்தோடு பொருந்தச் செய்க. அடுத்த பெரும்போகத்துக்கு உழவர் ஏர் பூட்டுமுன், ஐப்பசிக்குள், இவற்றுக்கு விடை தருக.